நின்று செல்லும்

பெயர்ப்பலகையை நீலத் தார்ப்பாயால் மூடிக் கட்டியிருக்கிறார்கள்.
திறக்கும் நாளில் யாரோ ஒருவர் வந்து அவிழ்ப்பார்.
அதுவரை எங்கள் ஊருக்குப் பெயர் கிடையாது.
கயிறு தளர்ந்தால் இறுக்கிக் கட்டுவது
என் வேலைகளில் ஒன்று.

கழிப்பறைக் குழாயை யாரும் கழற்றிப் போகாமல் பார்க்கவேண்டும்.
மரவள்ளித் திப்பி காயப்போட வருகிறவர்களிடம்
ஒன்றாம் நடைமேடையை விட்டுவிடச் சொல்லவேண்டும்
(இரண்டாம் நடைமேடை கிடையாது).
பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போடாமல் இருக்கவேண்டும்.
கம்பம் நட்டு, ஒயர் இழுத்து, பல்பும் மாட்டியாயிற்று.
மீட்டர் யார் பேரில் என்று
சேலத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்களாம்.

தை மாதம் என்றார்கள்.
பந்தல் போட்டு, குலைவாழை கட்டிய மறுநாள்
தேர்தல் தேதி வந்தது.
பந்தல்காரர் துணியை மட்டும் உருவிக்கொண்டு போனார்,
குலையை நாங்கள் பழுக்கவைத்துத் தின்றோம்.
பிறகு ஆடி. ஆடியில் யார் திறப்பார்கள்?
ஐப்பசியில் ஓர் அதிகாரி டேப்போடு வந்தார்,
குனிந்து அளந்தார்,
நடைமேடை நான்கு விரற்கடை தாழ்வு என்று
எழுதிக்கொண்டு போனார்.
அந்த வாரம்தான் டிக்கெட் கவுண்டருக்குள்
ஒரு செவலை நாய் குட்டி போட்டது.
அரைவட்டத் துளையில் மூக்கை நீட்டி
வருகிறவர் போகிறவரை விசாரிக்கிறது.
இங்கே ஒழுங்காக வேலை பார்ப்பது அது ஒன்றுதான்.

ரயில் வராமல் இல்லை.
காலையில் ஒன்று, மாலை ஆறு நாற்பதுக்கு ஒன்று.
ஊரைக் கண்டதும் ஹாரன் அடிக்கும்,
விலகு என்பதற்கு.
நான் கொடியில்லாத கையை உயர்த்தப் போய்
சேலைமேல் போட்ட காக்கிச் சட்டையின்
காலரைச் சரிசெய்துகொள்வேன்.

பாப்பாத்தியின் மகள் மௌனிகா
செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறாள்.
ஆறு நாற்பதில்தான் திரும்புவாள்.
தன் வீட்டு வாசல் பல்பை ஜன்னலில் பார்த்துக்கொண்டே
அடுத்த ஸ்டேஷன்வரை போய் இறங்கி,
ஒன்பது கிலோமீட்டர் மினிபஸ்ஸில் தொங்கி,
கடந்துபோன ஊருக்குத் திரும்பி வருவாள்.
ஹாரன் கேட்டதும் பாப்பாத்தி உலையில் அரிசி போடுவாள்.
வெந்து, வடித்து, சோறு ஆறிய பிறகு
மகள் செருப்பைக் கழற்றுவாள்.

கார்த்திகையில் ஒரு நாள்
ஆறு நாற்பது நின்றது.
சிக்னலோ, எங்காவது எருமையோ.
எப்போதும் என்மேல் ஏறி ஓடிவிடும் ஜன்னல் வெளிச்சம்
அன்றைக்குக் கட்டம் கட்டமாகத் தரையில் உட்கார்ந்தது.
நான் பெருக்கிய இடங்கள், பெருக்காமல் விட்ட இடங்கள்,
எல்லாம் தெரிந்தன.

வெற்றிலை வாயோடு ஒருவர் தலையை நீட்டி
"இது என்ன ஊரம்மா?" என்றார்.
நான் தார்ப்பாயைப் பார்த்தேன்.
"இன்னும் திறக்கலீங்க."
"ஊரையா?"

கடைசிப் பெட்டியிலிருந்து முதலில் ஒரு பை விழுந்தது.
பிறகு மௌனிகா.
"அக்கா, அந்தாளு சொன்னது நிசம்தான், தாழ்வாத்தான் இருக்குது"
என்று முழங்காலைத் தேய்த்தபடி
டிக்கெட்டை நீட்டினாள்.
அடுத்த ஸ்டேஷனுக்கு எடுத்தது.
வாங்கலாமா கூடாதா என்று
ஏஜென்சியில் சொல்லிக் கொடுக்கவில்லை.
வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
நாய் ஒருமுறை குரைத்தது.

ரயில் நகர்ந்ததும் கட்டங்கள் எழுந்து ஓடின.
தூரத்தில் ஏற்காடு ஏறும் வண்டி ஒன்று
ஒரு வளைவில் அணைந்து
அதற்கு மேல் வளைவில் எரிந்தது.
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பதிவேட்டில் என்ன எழுதுவது என்று
தெரிந்தபாடில்லை.

வீட்டில் உலை ஒரு கொதிகூட வரவில்லையாம்.
நேரங்கெட்ட நேரத்தில் வாசலில் மகளைக் கண்டு
கையில் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டு
பாப்பாத்தி கேட்டாளாம்:
"என்னடி, வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா?"