வாரப் பதிவிறக்கம்: ஒன்று

தேவகோட்டை ரஸ்தாவில்
டயர் கடைக்கு மேல்மாடி.
கானாடுகாத்தான் விடுதிக்கு
அறை பதியும் பக்கம் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு காலண்டர்தான் கேட்டேன்.
நிச்சயத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால்
வேன் வேனாய் வந்து இறங்குகிற மாதிரி
எண்ணூற்றுப் பதினோரு பொட்டலங்கள்.
யாரைத் திருப்பி அனுப்புவது?
யார் யாருக்குச் சொந்தமென்றே தெரியவில்லை.

விடுதிக்காரர் சாத்தப்பன் போனில் கேட்டார்:
"எல்லாம் சரி தம்பி,
தை என்றைக்குப் பிறக்குதுன்னு
அதுக்குத் தெரியுமா?"

தெரியவில்லை.

ராத்திரி ஒன்றரைக்கு அகப்பட்டது
தமிழ் மாதங்களுக்கென்றே
யாரோ எழுதிய நூலகம்.
மொத்தம் நாற்பது வரி.
ஆறு வருடமாய்த் திருத்தமில்லை.
"இனி பராமரிக்க இயலாது, மன்னிக்கவும்."

எதற்கு மன்னிப்பு?
சில வருடம் ஆனிக்கு
முப்பத்திரண்டு நாள் என்பதைக்கூட
அந்த ஆள் விட்டுவைக்கவில்லை.

வாரப் பதிவிறக்கம்: ஒன்று
என்று போட்டிருந்தது.
அது நான் இல்லை.
நான் அப்போதுதான் இறக்கினேன்.

டெர்மினலில் சிவப்பு வரி எதுவும் இல்லை.
மார்கழி இருபத்தொன்பது என்று
பச்சைக் கட்டத்தில் வந்து நின்றது தேதி.
சாத்தப்பனுக்கு அனுப்பினேன்.
பொத்தானை இன்னும் கொஞ்சம்
பெரிசாக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன்:
இரண்டு.

எங்கோ ஒருவர்
அந்த எண்ணைக் கண்டு
நாற்காலியை முன்னால் இழுத்திருக்க வேண்டும்.