பூஜ்யத்துக்குக் கீழே

பியூட் நகரம், மொன்டானா. விடிகாலை நான்கு மணி.
வங்கிச் சுவரின் வெப்பமானி
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு காட்டுகிறது.
சலவைக்கடையில் நான்
யாருடைய துண்டுகளையோ மடித்துக்கொண்டிருக்கிறேன்.
உலர்த்தியின் சூடான தலைமேல்
கல்லூரிக் கடிதம்.

'விருதுக் கடிதம்' என்று மேலே தடித்த எழுத்து.
முப்பத்துநாலு வயதில் எனக்கொரு விருது!
மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி ஜெயித்த
பென்சிலுக்குப் பிறகு இதுதான்.

கீழே போகப் போக
விருது மெலிகிறது.

என் இல்லாமைக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள்.
அதுவும் பூஜ்யத்துக்குக் கீழேதான்: ஆயிரத்து ஐந்நூறு.
அதற்கும் கீழே போக எவருக்கும் அனுமதி இல்லையாம்.
போய்ப் பார்த்தவள் சொல்கிறேன்,
அங்கேயும் வாடகை கேட்பார்கள்.

மானியம். திருப்பித் தர வேண்டாம்.
ஒரே வரி. இரண்டு தடவை படித்தேன்.
மானிய வட்டிக் கடன், மூவாயிரத்து ஐந்நூறு.
நான் நரம்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும்வரை
வட்டியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.
மானியமற்றது, ஆறாயிரம்.
பணம் வந்த அன்றே வட்டி எழுந்து உட்காரும்,
புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூட
நான் கிழித்திருக்க மாட்டேன்.

இந்தச் சொற்களை எனக்கு
ஏற்கெனவே தெரியும்.
பதினான்கு வருடம் முன்பு
ஒரு தனியார் கடன், பாதிப் படிப்பு.
வட்டி குட்டி போட்டது.
குட்டி முதலோடு சேர்ந்து முதலானது.
முதலில் வாங்கியது எது என்று
எனக்கே மறந்துபோனது.
போன் செய்தால் 'பொறுத்தல்' என்றார்கள்.
தவணை நிற்கும், வட்டி நிற்காது.
பொறுத்தார் பூமியாள்வார், சரி,
இங்கே பொறுத்தது நான்
ஆண்டது அவர்கள்.

ஊருக்குள்ளேயே இருக்கிறது அந்தச் செம்புச் சுரங்கக் குழி.
பம்பை நிறுத்திய நாளிலிருந்து
யாரும் எதுவும் ஊற்றாமலே
தண்ணீர் ஏறிய குழி.
பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.
கூட்டுவட்டி என்று அங்கேயே சொல்லியிருக்கலாம்.

கதவு திறக்கிறது. குளிரோடு டன்ஸ்டன் பாஸ்கோ,
என் முன்னாள் கணவனின் அண்ணன்.
அந்தப் பழைய பத்திரத்தில்
என் பெயருக்குக் கீழே இருந்தது இவன் பெயர்.
இணைக் கையெழுத்து என்றால் என்ன?
நான் தவணை தவறிய நான்காம் மாதம்
லாரி வாங்கப் போன இவனை
வங்கி திருப்பி அனுப்பியது. அதுதான்.
இவன் சொல்லவில்லை. இவன் மகள் சொன்னாள்,
அதுவும் ஏழு வருடம் கழித்து, வேறு ஏதோ பேச்சில்.
அந்த ஏழு வருடமும் செவ்வாய்தோறும்
வெல்டிங் கரி படிந்த சட்டைகளோடு வந்து
'எப்படி இருக்கே' என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்று கடிதத்தை எடுத்துப் படிக்கிறான்.
உதடு அசைய, மெதுவாக,
கடைசி வரிவரை.
'இதில் நான் எங்கே கையெழுத்துப் போடணும்?'
'எங்கேயும் இல்லை. இந்தத் தடவை
நான் மட்டும்தான்.'

அவன் விட்ட மூச்சு
கண்ணாடிக் கதவில் படிந்து
கொஞ்ச நேரம் இருந்தது.

ஆறாயிரத்தை அடித்தேன்.
பிறகு பாதியை மட்டும் திரும்ப எழுதினேன்.
சனி, ஞாயிறு இரவும் இங்கே நிற்க வேண்டும்.
மீதியைக் கோடையில் பார்க்கலாம்.

அவனுக்கு உலர்த்தியில் போட
கால் டாலர் ஒன்று குறைந்தது.
என் ஏப்ரன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
'கடனா?' என்றான்.
'ஆறு மாதம் கருணைக் காலம்,' என்றேன்,
'அப்புறம் பார்.'

லாரி விஷயத்துக்குப் பிறகு
இவன் சிரித்து நான் பார்த்ததில்லை.
பல் ஒன்று போயிருக்கிறது.

சட்டைகள் சுற்றத் தொடங்கின.
சுவரில் இருபத்தேழு.