ஒடித்துப் பார்த்தல்

பெருந்துறையில், பேக்கரி மாடியில்,
ஏழு பேர் உட்கார்ந்தோம்.
ஏழு தாள், ஏழு பேனா, ஒரு தட்டுத் தேங்காய் பன்.
மண்டலத்தின் பதினாறு பெண்கள் கபடி அணிகளை
ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்த வேண்டும்.
முதல் நான்குக்குத்தான் மாநிலப் போட்டி.
ஆட வைத்துப் பார்க்க நாளில்லையாம்,
பரீட்சை நெருங்கிவிட்டதாம்,
மேட் வாடகை வேறு.

முதலிடத்துக்கு யாரும் யோசிக்கவில்லை.
திருச்செங்கோடு. போன வருடமும் அதுதான்,
அதற்கு முந்தியும்.
கை தானாக எழுதியது.
நாலாவதில் பேனா நின்றது.

அந்தியூர்,
பதினொன்று ஆடிப் பதினொன்றும் வென்றிருந்தது.
"ஆருகூட ஆடி?" என்றார் பொங்கியண்ணன்.
"அத்தனையும் சோப்ளாங்கி காலேஜுங்க."
கோபி இரண்டு ஆட்டம் தோற்றிருந்தது.
ஆனால் இரண்டும் திருச்செங்கோட்டிடம்.
பெரிய இடத்தில் தோற்றால்
தோல்விக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

"அந்தப் புள்ளைங்க ஆட்டத்த
இங்க யாராச்சும் பாத்தீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.
ஃபேன் சுற்றியது.
பர்கூர் மலையிலிருந்து இறங்கி வந்து ஆடும் பெண்கள்.
அவ்வளவு தூரம் யார் போவது?
நான் ஐந்து என்று எழுதினேன்.
ஏழில் ஆறு தாளில் ஐந்து.

மறுநாள் ஈரோட்டில் மஞ்சள் ஏலம்.
எங்கள் தோட்டத்துப் பதினெட்டு மூட்டை.
வியாபாரி ஒரு விரலியை எடுத்துப்
படக்கென்று ஒடித்தார்,
உள்நிறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்,
சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போட்டார்.
அடிமாட்டு விலை. வயிறு எரிந்தது.
ஆனாலும்
ஒடித்துப் பார்த்துத்தான் எழுதினார்.

சரி, ஆட விட்டால் மட்டும் நியாயமா?
என்னைக் கேளுங்கள்.
தொண்ணூற்றெட்டில், காங்கேயத்தில், இறுதி ஆட்டம்.
வருடம் முழுக்கத் தோற்காத அணி நாங்கள்.
மழை பெய்து, களத்தில் மரத்தூள் கொட்டியிருந்தார்கள்.
கடைசி ரெய்டில் என் குதிகால்
கோட்டுக்கு வெளியே நாலு விரற்கடை வழுக்கியது.
ஒரு வருடத்தை ஒரு குதிகால் முடித்து வைத்தது.
திரும்பும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை.
நான் மட்டும் உள்ளுக்குள் முனகிக்கொண்டே வந்தேன்:
ஓட்டு வைத்திருந்தால் நாங்கள்தான்,
ஓட்டு வைத்திருந்தால் நாங்கள்தான்.

பட்டியல் ஒட்டிய பத்தாம் நாள்
அந்தியூர்ப் பெண்கள் சொந்தக் காசில் கோபிக்கு வந்தார்கள்.
"ஒரே ஒரு மேட்ச்சுங்க. எடமெல்லாம் கேக்கலீங்க."
கோபி கோச் வாட்சைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.
ஸ்கோர் எழுத ஆளில்லை. நான் உட்கார்ந்தேன்,
அதே பேனாவோடு.

பாதி ஆட்டம் வரை அந்தியூர்தான் முன்னால்.
அவர்கள் கணுக்காலைப் பிடிக்கும் விதத்தை
நான் இருபது வருடத்தில் பார்த்ததில்லை.
பிறகு மூச்சு இறங்கியது. கோபி ஏறியது.
முப்பத்தொன்று, இருபத்தெட்டு.
அந்தியூர் தோற்றது.

பொங்கியண்ணன் இருந்திருந்தால்
"பாத்தீங்களா?" என்றிருப்பார்.
பார்த்தேன். அதுதான் இப்போது சிக்கல்.

கேப்டன் மாதேவி வந்தாள்,
முழங்கையில் தோல் பெயர்ந்து, செம்மண் அப்பி.
"தோத்துட்டமுங்க மிஸ். மூணு பாயின்ட்.
இது எங்க கணக்கு, வெச்சுக்கறோம்.
அந்த அஞ்சுதானுங்க
ஆரு கணக்குன்னே வெளங்கல."

அவள் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.
ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

ஸ்கோர் தாளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்றாள்.
அசலையே கொடுத்தேன்.
நின்ற இடத்தில் விரல் வைத்து
வரி வரியாக வாசித்தாள்.
எட்டாவது ரெய்டில் ஒரு போனஸ் விட்டுப்போச்சுங்க என்றாள்.
விட்டிருந்தேன்.
கண் முன்னால் நடந்ததை விட்டிருந்தேன்.

இருபத்தெட்டை அடித்து
இருபத்தொன்பது ஆக்கிக் கையெழுத்துப் போட்டேன்.
அப்போதும் தோல்விதான், இரண்டில்.
தாளை மடித்து ஜெர்சிக்குள் செருகிக்கொண்டு
மலை பஸ் போயிருமுங்க என்று ஓடினாள்,
அவள் பின்னால் பதினொரு பேர்.