சாமான் துண்டு

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்:
உமிச்சாம்பல், களி, பழைய காஸ் சிலிண்டர்,
காற்று ஊத ஏதாவது, சிரட்டைக்கரி, மூசை.
மூசைக்குக் கீழே இரண்டு கோடு.

அம்பாறை ஏஜெண்ட் கையை விரித்துவிட்டான்.
இந்தப் பம்பின் விசிறி இனி வராதாம்,
புதுப் பம்பு அறுபத்தெட்டாயிரம்.
என் வயலில் நெல்லுக்கு முப்பத்திரண்டு நாள் வயது.
உடைந்த விசிறியை உள்ளங்கையில் புரட்டினேன்.
அலுமினியம்தானே,
உருகினால் தண்ணி, ஆறினால் விசிறி.
சொல்லிப் பார்க்க லேசாக இருந்தது.

உமிச்சாம்பலுக்குக் காசில்லை.
சம்மாந்துறை மில்லுக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது.
"அள்ளுங்க, சாக்க மட்டும் திருப்பித் தாங்க."
கறுத்தது வேண்டாம், வெள்ளையாய் வெந்ததுதான் வேண்டும் என்றேன்.
சாம்பலில் தரம் பார்க்கும் ஒருவனைப் பார்க்க
மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று பேர் வேலையை விட்டு வந்தார்கள்.
சவளக்கடைச் சந்தி தாண்டுமுன்
மீசை புருவம் எல்லாம் நரைத்துவிட்டேன்.

களிக்குக் கல்வாடி யோகேஸ்.
"குளத்துக் களி வெடிக்கும். புத்து மண் எடு."
பாம்பு இருக்குமே?
"கேட்டுட்டு எடு."

சிலிண்டர் வீட்டிலேயே இருந்தது.
வெட்டினால் டிப்போசிற் காசு போகும் என்றாள் சுகிர்தா.
காஸ் இல்லாத அந்த வருசம்
கல்முனையில் இரண்டு இரவு
இதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டில் படுத்தேன்.
பச்சைப் பெயின்டில் வரிசை இலக்கம் இன்னும் இருக்கிறது: 411.
வெறுஞ்சிலிண்டர் என்று நம்பிக் கிரைண்டரை வைக்கக் கூடாது,
கழுத்துவரை தண்ணீர் நிரப்பினேன்.
குமிழி விட்டுக்கொண்டு வெளியே வந்தது
அன்றைக்குக் கிடைக்காத மணம்.

சிரட்டைக்கரி
லோன்றிக்காரர் பாதிச் சாக்கு தந்தார்,
பாதி விலைக்கு அல்ல.

மூசைக்குத்தான் அலைச்சல்.
மட்டக்களப்பு நகைப் பட்டறையில் ஒன்றைக் காட்டினார்கள்:
ஒரு தாலிக்கு மேல் கொள்ளாத வாய்.
பால்மா டின் ஓட்டையாகும் என்று தெரியும்,
தெரிந்தும் ஒன்றைக் கழுவி வைத்திருந்தேன்.
மறுகா, சாய்ந்தமருதில் ஜெஸீலின் பழைய இரும்புக் கடை.
சைக்கிள் ரிம், கட்டில் கால், வாளி எல்லாம் விலக்கி
உள்ளேயிருந்து உருட்டிக்கொண்டு வந்தான்,
ஏதோ வங்கிச் சுவரில் தொங்கின தீயணைக்கும் உருளை.
சிவப்புப் பாதி உரிந்திருந்தது. காலாவதி இரண்டாயிரத்து ஒன்பது.
"ஒரு நாளும் நெருப்புக் காணல்ல இது" என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
திரீவீல் பிஸ்டன் நாலு கிலோ நிறுத்தான்.
"இடியப்பத் தட்டுப் போடாதீங்க, மெத்தது, வளையும்.
உருளைக்குக் காசு வேணா.
வேல சரிவந்தா என்ட தராசுக்கு ஒரு கொக்கி."

துண்டில் ஒரு சாமான் விடுபட்டிருந்தது.
அச்சுக்கு மணல்? என்று சுகிர்தாதான் கேட்டாள்.
இந்தக் கரையில் மணலை யார் எழுதி வைப்பார்கள்.
வீடு கட்டி மிஞ்சின குவியலை இருவரும் அரித்தோம்,
பூனைப் பீ ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம்.

பூசிய உலை ஏழு நாள் காய வேண்டும்.
ஆறாம் நாள் பின்னேரம்
சிறுபோகத்தில் யாரும் எதிர்பாராத மழை.
அடுத்த வயல்காரர்கள் வரம்பில் நின்று கும்பிட,
நான் ஒருத்தன் மட்டும்
வானத்தைத் தூஷணத்தில் ஏசிக்கொண்டு
படங்கை இழுத்து ஓடினேன்.
அதற்குள் தூசி கழுவுண்டு 411 பளிச்சென்று தெரிந்தது.

நீட்டின வயரோடு
படங்குக்குள் குனிந்து வந்தாள் சுகிர்தா,
கையில், போன கிழமை கேட்டபோது தரமாட்டேன் என்ற,
கட்டாரிலிருந்து தங்கச்சி அனுப்பின ஹெயார் டிரையர்.
நெல்லுக்கு இன்று நாற்பத்தொரு நாள்.
வயல் குடிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது.
அவள் உலைக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள்.