சேதம்: ஒன்று

டானிங்டன் வளைவில் எங்கள் டைல்ஸ் கடை.
குறிஞ்சியில் உட்கார்ந்து
பாலையை விற்கிறேன்,
சதுர அடி எண்பத்தைந்து ரூபாய்,
ஏற்றுக்கூலி தனி.

ஜோகி கவுடரின் மருமகள்
ஆட்டோவில் ஒரு கல்லைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.
"பூச்சி அரிச்சிருக்கு. மாத்திக் குடுங்க."
ராஜஸ்தான் மணற்கல், இரண்டுக்கு இரண்டு.
சாரல் பட்டு நனைந்தபோதுதான்
எனக்கும் தெரிந்தது:
தையல் பிரித்த துணியில் ஊசித்தடம்போல
இரண்டு வரிசைக் குழிகள்,
நடுவே வயிறோ வாலோ இழுபட்ட கோடு.
பூச்சிதான் அக்கா, என்றேன்.
அரிக்கவில்லை. நடந்திருக்கிறது.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்,
பிறகு கல்லாப்பெட்டியை.

வேறு கல் கொடுத்தனுப்பினேன்.
பேரேட்டில் எழுதினேன்: சேதம், ஒன்று.

நிலவியல் படித்தவள் நான், அரியர் இரண்டோடு.
அதில் ஒன்று புதைபடிவத் தாள்.
இந்த மலை முழுக்க சார்னகைட்,
பூமியின் அடிவயிற்றில் வெந்து எழுந்தது.
அந்தக் கல்லில் எதுவும் நடந்ததில்லை.
எல்லாம் மேல்தோலில்தான்:
தேயிலை, கேரட், காட்டெருமை, கல்யாண மண்டபம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்.
இது அப்படித் தேய்ந்த கல் இல்லை.
ஊரும்போது இது மணல்.
நாற்பது கோடி ஆண்டோ, ஐம்பதோ
(சரியாகத் தெரிந்திருந்தால் அரியர் ஏது).
இலை என்று ஒன்று அப்போது இல்லை.
ஒதுங்க நிழல் இல்லை, தன் உடம்பின் நிழலைத் தவிர.
துரத்தவும் ஆளில்லை.
ஆனாலும் கடலை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு
விரல் நீளத்தில் ஏதோ ஒன்று
மணல்மேட்டில் ஏறியிருக்கிறது.
ஏற்றம் என்று எப்படிச் சொல்வேன்?
ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும்
சரிந்த மணல் பிறைபோல் ஒட்டியிருக்கிறது.
முந்தின இரவு பனி இறங்கியிருக்க வேண்டும்.
காய்ந்த மணல் யாரையும் ஞாபகம் வைப்பதில்லை.

வலப்பக்கம் ஒரு கால் குறை.
அந்தப் புள்ளி மட்டும்
முறைதவறாமல் விட்டுப்போகிறது.
ஓரிடத்தில் நின்றிருக்கிறது;
ஒரே இடத்தை மூன்று முறை தொட்டிருக்கிறது.
பிறகு இடப்பக்கம் திரும்பி, ஏறி,
ரம்பம் அறுத்த விளிம்பில்
முடிந்துவிடுகிறது.

முடிந்திருக்காது.
அடுத்த கல்லுக்குப் போயிருக்கும்.

அந்த லோடில் அறுபத்திரண்டு கல்.
பில் புத்தகத்தைப் புரட்டினேன்:
அரவேணுவில் குளியலறை,
குன்னூரில் ஒரு பேக்கரி,
கட்டபெட்டுவில் வாசற்படி.
பேக்கரி ஸ்தனிஸ்லாஸ் போனில் சிரித்தார்:
"தரையெல்லாம் மைதா, எதைப் பார்க்கச் சொல்றீங்க?"
அரவேணுவில் கவிழ்த்துப் பதித்துவிட்டார்களாம்,
வழவழப்பான பக்கம் மேலே வர.
சிமெண்டில் முகம் புதைத்து
அடியில் எது நடந்துகொண்டிருக்கிறதோ,
மேலே வெந்நீர் ஓடுகிறது.

ஞாயிறு, கட்டபெட்டு பஸ்.
மூடுபனி ஹெட்லைட்டைத் தின்றுகொண்டே வந்தது.
அந்த வீட்டின் மூன்றாம் படி.
குனிந்து கைக்குட்டையால் துடைத்தேன்.
குழி, குழி, இழுகோடு,
வலப்பக்கம் அதே குறை.

கொத்தனார் கல்லைத் திருப்பிப் பதித்திருக்கிறார்.
ஏறிய கால்கள்
இப்போது இறங்கிக்கொண்டிருந்தன,
எதிர்ச்சரிவின் தேயிலையைப் பார்த்து.

"கல்லுல ஏதாச்சும் கோளாறா?"
மேலிருந்து வீட்டுக்காரர்.
இல்லை என்றேன்.
டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.
செருப்பைக் கழற்றினேன்.
எதிரே அது வர,
ஓரமாக ஒதுங்கி
ஏறினேன்.