பதினோரு ஸ்குரு

மே இருபது. ராத்திரி பன்னிரண்டுக்குள்
மூன்று கடைகளுக்கு ஜிஎஸ்டி போட வேண்டும்.
சத்துவாச்சாரி, இரண்டாவது மாடி.
தலைக்கு மேல் தளம், தளத்துக்கு மேல் வெயில்,
நடுவில் வேறு யாரும் இல்லை.

ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்.
கக்கத்தில் இடுக்கி இடுக்கி
மூடியிலிருந்த கோபுரம் தேய்ந்து
இப்போது அடித்தளம் மட்டும் தெரிகிறது.

காலையில் ஓடும். பத்து மணிக்கு நடக்கும்.
இரண்டு மணிக்கு ஓர் எண்ணைத் தட்டிவிட்டு
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வரலாம்,
திரையில் இன்னும் வந்திருக்காது.
விசிறி மட்டும் கத்தும்,
காட்பாடியில் நிற்காமல் போகும்
கூட்ஸ் வண்டி போல.

அடியில் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தேன்.
உறைய வைத்த ஆவின் பாக்கெட்டை வைத்தேன்;
அதுவும் வேர்த்தது.

லாங் பஜார் தஸ்தகீர்
புறங்கையை வைத்துப் பார்த்தார்
(சிஎம்சி இருக்கும் ஊரில்
எல்லோரும் கொஞ்சம் டாக்டர்).
"போர்டு போச்சும்மா. நாலாயிரத்து ஐந்நூறு.
அதுக்குப் புதுசே பார்க்கலாம்."
நான் நூற்றிருபது ரூபாய்க்குப் பசை மட்டும் வாங்கினேன்.
சாம்பல் நிறம், சிரிஞ்சில் அடைத்தது.
கையில் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.
இந்த ஊரில் சிரிஞ்சை
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏழு குழி இட்லித் தட்டு ஒன்று,
நாலு குழித் தட்டு ஒன்று.
குழிக்கு ஒரு ஸ்குருவாகப்
பதினொன்றையும் கழற்றிப் போட்டேன்.
இரும்பைத் தொட்டு
உடம்பின் மின்சாரத்தை இறக்க வேண்டுமாம்.
ஜன்னல் கம்பியைத் தொட்டேன்.
சுட்டது.

விசிறியின் வாயில்
கம்பளித் துண்டு போல ஒன்று.
ஊக்கால் இழுத்தேன், முழுசாக வந்தது.
என் தலைமுடி. பக்கத்து மனையில் கட்டும் வீட்டின் சிமெண்ட்.
பேரணாம்பட்டு மண்டிக் கணக்கு நோட்டுகளிலிருந்து
பறந்து வந்த தோல் தூசி.
நடுவே, பிரிக்கப் பிரிக்க,
ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய மயிர்.

சேமியா.
ஆரணி வீட்டில், மார்கழியில்,
விசைப்பலகை மேலேயே படுத்துக்கொள்வாள்.
அவளுக்கு இந்தச் சூடு பிடிக்கும்.
போய் நாலு வருஷம் ஆகிறது.
இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறாள்,
காற்றை அடைத்துக்கொண்டு.

போன் அடித்தது. மண்டி அஸ்லம் பாய்.
"ரிட்டர்ன் போட்டாச்சா மா?"
"ஓடிக்கிட்டிருக்கு பாய்" என்றேன்
இட்லித் தட்டைப் பார்த்தபடி.

பழைய பசை காய்ந்து
சுண்ணாம்புப் பொருக்காக இருந்தது.
கொரோனா காலத்துச் சானிடைசர் மிச்சத்தில்
துடைத்தெடுத்தேன்.
கடுகளவு போதும் என்கிறார்கள்.
நான் உளுந்தளவு வைத்தேன்,
எதிலும் கொஞ்சம் கூடத்தான் வரும் எனக்கு.

திரும்ப மாட்டும்போது பத்துதான் இருந்தது.
பாயை உதறினேன், சேலையை உதறினேன்,
காந்தத்தைத் தரையெல்லாம் தேய்த்தேன்.
போகட்டும்.
அந்த ஓட்டை வழியாகவும் கொஞ்சம் காற்று போகும்.

பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை.
பயந்துபோய்க் காதை வைத்துக் கேட்டேன்.
சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
தொண்ணூற்றேழில் கொதித்தது
அறுபத்தொன்றில் நின்றது.
கீழ்வீட்டு டிவியில்
வேலூர் நூற்றெட்டு என்றார்கள்,
வெயிலுக்கு மட்டும் வேறு கணக்கு.

அப்புறம்தான் படித்தேன்.
சூடு எல்லை மீறினால்
வெந்து போகாமலிருக்க
அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம்.
இரண்டு கோடைகளாக
எருமை, கிழடு, செத்துத் தொலை என்று
அதன் தலையில் தட்டியிருக்கிறேன்.
அதே இரண்டு கோடைகளில்
தனகோட்டி என்னைக் கேட்டதுண்டு,
"மத்தியானமானா ஏன் இப்படி
ஒரு பேச்சுக்கு மூணு தரம் கூப்பிட வேண்டியிருக்கு?"

பதினொன்று நாற்பதுக்கு மூன்றும் போட்டாகிவிட்டது.
மூடியை மூடி, மேலே கை வைத்தேன்.
உயிருள்ள எதன் முதுகிலும் இருக்கும் அளவு
இளஞ்சூடு.

காலையில் தனகோட்டி
ஒவ்வொரு இட்லியையும் இரண்டாகப் பிட்டு,
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்து,
பிறகுதான் வாயில் வைத்தான்.