ஒட்டுக்குக் கீழே

சமாதானபுரம் நர்சரியில்
நூற்றிருபது ரூபாய்க்கு மஞ்சள் ரோஜா.
‘ஒட்டுக்குக் கீழ துளுத்தா
கிள்ளிப் போட்டிரணும்,
காட்டுப்பய, மேல ஏறிக்கிடுவான்’
என்றார் ஜேசுவடியான்.

கிள்ளினேன்.
முட்டைத்தோடு, டீத்தூள், மீன் கழுவின தண்ணி
எல்லாம் மஞ்சளுக்கு.

ஆனிக் காற்று வள்ளியூர் மொட்டை மாடியில்
தொட்டியை மூன்று தரம் உருட்டியது.
எனக்கோ நைட் ஷிப்ட்.
மஞ்சள் கருகிப்போனது.

தூக்கியெறியக் குனிந்தால்
அடியிலிருந்து ஒரு கிளை,
உள்ளங்கையைக் கிழித்தது.

இப்போது கைப்பிடிச்சுவர் தாண்டி
அடுத்த வீட்டு டிஷ் ஆன்டெனாவைப் பிடித்திருக்கிறது.
கார்த்திகை மழை விட்ட காலையில்
ஐந்தே இதழ், வெள்ளை.
வாசம் பேருக்குத்தான்;
தேனீக்கு அது போதும்போல.

‘மஞ்சள் சொகமா?’
போனில் கேட்கிறார் ஜேசுவடியான்.
சொகந்தான் அண்ணாச்சி.